ரிபன் வெட்ட முடியாத வேலை

முந்தின கிழமை வியாழக்கிழமை, மட்டக்களப்பு நகரில் ஒரு மண்டபத்தில், ஒரு டெப்லட் கணினிக்குச் சிவப்பு ரிபன் கட்டி வெட்டினோம்.

கட்டடம் என்றால் வாசலில் கட்டலாம். கிணறு என்றால் சுற்றிக் கட்டலாம். ஒரு செயலிக்கு எங்கே கட்டுவது? அரை மணி நேரம் யோசித்து, கடைசியில் டெப்லட்டையே பிறந்தநாள் பரிசு மாதிரிச் சுற்றிக் கட்டிவிட்டோம். எங்கள் குழுவின் தலைவர் ஐயா கத்தரிக்கோலை வைத்து இழுத்ததில் திரையில் ஒரு கீறலும் விழுந்தது. யாரும் பார்க்காத மாதிரிக் கைதட்டினோம். அன்றைய படத்தில் நான் இரண்டாவது வரிசையில், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

அந்தப் படத்தை இப்போது போனில் தள்ளித் தள்ளிக் கடந்து போகிறேன். பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்... சொல்லாமல் விட்டால் இந்தக் கிழமைப் பத்திரிகைக்கு வேறு எதையும் எழுத வராது.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அனுப்பும் பணத்தை நல்ல காரியங்களுக்குக் கொடுக்கிற சின்னக் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். 'கணினி படிச்ச பிள்ளை' என்று சேர்த்துக்கொண்டார்கள். அன்று திறந்து வைத்தது, அந்தப் பணத்தில் செய்த படக்கதைச் செயலி. யானை தும்பிக்கையை ஆட்டும். முயல் கைதட்டும். என் மூன்று வயது இனியா அதை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, வெட்டிய ரிபனை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். சாயம் போகிற ரிபனோ, வயிற்றுக்குள் போனால் என்ன ஆகுமோ என்று நான் பதறியது தனிக் கதை.

கேக் சாப்பிட்டு முடிகிற நேரம், வெள்ளைப் பிரம்போடு ஒருவர் என் குரலைக் குறி வைத்து நேராக வந்தார்.

நிரோஷா ரீச்சர். ஏறாவூர்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் தரத்துக்கு வரலாறு படிப்பிக்கிறார். பிறவியிலேயே பார்வை இல்லை. நான் அவரை முன்பு சந்தித்ததே கிடையாது. நன்றியுரையில் என் பெயரைச் சொன்னது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"தர்ஷினி அக்காதானே? அந்த ராணி நீங்கதானே?"

"எந்த ராணி?" என்றேன்.

அவர் தன் போனை எடுத்து ஒரு பொத்தானை அழுத்தினார். தமிழ் எழுத்தை வாய்விட்டு வாசிக்கும் செயலி ஒன்று பேச ஆரம்பித்தது. எட்டாம் தர வரலாற்றுப் பாடம். "ஒல்லாந்தர் மட்டக்களப்பில் வந்திறங்கிய ஆண்டு..." என்றது. அடுத்து ஆண்டு வர வேண்டும். வரவில்லை. டொக் என்று ஒரு சத்தம். பிறகு அதே குரல், புதிதாகத் தொடங்குகிற மாதிரி: "வணக்கம். இச்செயலியை உருவாக்கியோர், தர்ஷினி..."

"பாருங்க," என்றார் ரீச்சர். "ஒரு கிழமையா இதுதான். எங்க இலக்கம் வருதோ அங்க செத்துப்போகுது. திரும்ப எழும்பி உங்கட பேரச் சொல்லுது. வரலாற்றில ஆண்டு இல்லாத பக்கம் இருக்கா அக்கா? எங்கட வகுப்பில ஒல்லாந்தர் வந்ததும் நீங்கதான், போனதும் நீங்கதான். ஒரு புள்ள கேக்குது, 'ரீச்சர், தர்ஷினி எந்தக் காலத்து ராணி?' எண்டு!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ரீச்சர் போனைப் பைக்குள் வைத்தார்.

"சிரிப்புத்தான். ஆனா எங்கட பள்ளிக்கூட அதிபர் சிரிக்கல்ல. வாற வியாழன் வகுப்பப் பார்க்க வாறாராம். பாடத்தக் கூட இன்னொரு ஆள் வாசிச்சுச் சொன்னாத்தான் நான் படிப்பிக்கலாம் எண்டா, அடுத்த தவணை என்னை நூலகத்துக்கு மாத்துறாராம். ஆறு வருஷம் படிப்பிச்சிட்டன் அக்கா. ஒருத்தரிட்டயும் வாசிச்சுத் தா எண்டு கேட்டதில்ல. உங்கட பேர்தானே அதில முதல் கிடக்கு? ஒருக்காப் பாருங்களன்."

பார்க்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் போன பிறகும் அந்தக் குரல் என் காதில் இருந்தது. ஏனென்றால் அந்தப் பெயர் அங்கே முதலில் வந்த கதை எனக்குத்தான் தெரியும்.

கம்பஸ் கடைசி வருடம், நாங்கள் நாலு பேர் சேர்ந்து எழுதிய செயலி அது. கம்பனியின் பொருள் அல்ல. அதன் நிரல் பொதுவில் கிடக்கிறது. யாரும் எடுக்கலாம், யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தலாம். 'யாரும்' என்றால் நடைமுறையில் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். இலக்கங்களைத் தமிழில் வாசிக்கிற பகுதியை நான் எழுதினேன். தொடங்கும்போது பெயர் சொல்லுகிற பகுதியையும் நானே எழுதினேன் — என் பெயரை முதலில் போட்டேன். கேட்டவர்களுக்கு அகர வரிசை என்றேன். அந்த நாலு பேரில் ஒருத்தி பெயர் அனுஷா.

அதைக் காட்டித்தான் எனக்கு வேலை கிடைத்தது. நேர்முகத் தேர்வில் 'பார்வையற்றோருக்காக' என்று நான் சொன்னபோது எதிரில் இருந்தவர்களின் முகம் மாறியதை இன்றும் நினைவில் வைத்திருக்கிறேன். வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, இனியா பிறந்தாள். மற்ற மூவரும் அப்படித்தான், ஒவ்வொரு நாட்டில்.

பிறகு யார் பார்த்தது?

வாசுகி.

எங்கள் வகுப்புத்தான். கதிரவெளிப் பிள்ளை. செயலி எழுதும்போது அவள் பிழை பார்த்துச் சொன்னாள், அவ்வளவுதான் என்று நாங்கள் அவள் பெயரைப் போடவில்லை. நாங்கள் கைவிட்ட பிறகு ஒன்பது வருடமாக அதைத் தூக்கிச் சுமந்தது அவள். ஊரில் ஒரு கொமியுனிகேஷன் கடை வைத்திருக்கிறாள். போட்டோ கொப்பி, போன் ரீலோட், ஒன்லைன் விண்ணப்பம். இடையில் கிடைக்கிற நேரத்தில் இது. போன் கம்பனிகள் ஒவ்வொரு முறை அப்டேட் விடும்போதும் இந்தச் செயலியில் எங்காவது ஒரு மூலை உடையும். அவள் ஒட்டுவாள். எங்கெங்கோ இருந்து ஈமெயில் வரும். 'இலவசமாகத் தந்தால் இப்படித்தானா?' என்று திட்டியும் வரும். அவள் பதில் போடுவாள். இதெல்லாம் எனக்குத் தெரியுமா?

தெரியும். இனித்தான் வெட்கப்பட வேண்டிய இடம் வருகிறது.

ஏழு மாதங்களுக்கு முன், எங்கள் குழுவுக்கு இரண்டு விண்ணப்பங்கள் வந்தன. ஒன்று, முயல் கைதட்டுகிற படக்கதைச் செயலி. மற்றது வாசுகியுடையது. ஒரு லப்டொப், மாதம் மாதம் இணையக் கட்டணம், கிழமையில் இரண்டு அரைநாள் கடையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளுக்குக் கூலி. அவ்வளவுதான் கேட்டிருந்தாள். படிவத்தில் 'புதிதாக உருவாக்கப்படுவது என்ன?' என்று ஒரு கேள்வி உண்டு. அவள் எழுதியிருந்தது: 'புதிதாக ஒன்றும் இல்லை.' அடுத்த கேள்வி, 'எதிர்பார்க்கும் விளைவு.' அவள் எழுதியிருந்தது: 'எல்லாம் இப்போது போலவே வேலை செய்யும்.'

கூட்டத்தில் இது வாசிக்கப்பட்டதும் எல்லாரும் சிரித்தோம். தலைவர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார், "இந்தப் புள்ள நல்ல நேர்மையான புள்ளதான். ஆனா இதுக்குக் காசு குடுத்தா வெளிநாட்டில இருக்கிற புள்ளையளுக்கு என்னத்தப் படம் எடுத்து அனுப்புற?"

புள்ளி போடுகிற தாள் என் கையில். 'புதுமை' என்ற பெட்டியில் பத்துக்கு எத்தனை போடுவது? நான் விதிமுறையை மீறாத ஆள். பள்ளிக்கூடத்திலும் கோட்டுக்கு வெளியே எழுதியதில்லை. அவளே 'ஒன்றும் இல்லை' என்று எழுதியிருக்கிறாள். பூச்சியம் போட்டேன். பிறகு மனசு கேட்காமல் அதை அழித்து இரண்டு ஆக்கினேன். அந்த இரண்டை நினைத்து அன்று எனக்குள்ளே ஒரு திருப்தி கூட வந்தது என்றால் நம்புவீர்களா?

நான் ஒரு தாய். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இனியா பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வீட்டில் கால் வைக்க இடமில்லை. காப்பு, சங்கிலி, தொட்டில், படம். பந்தல் கழற்றியதோடு எல்லாரும் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு பால் போத்தல் அவித்தது எத்தனை தரம்? மூக்குத் துடைத்தது, நகம் வெட்டியது, காய்ச்சலா என்று கழுத்தைத் தொட்டுப் பார்த்தது? இன்றைக்குப் பிள்ளை நேற்றைப் போலவே நன்றாக இருக்கிறாள் என்பதற்காக எவராவது எனக்குப் பூங்கொத்துத் தந்தார்களா? அதற்காக எத்தனை முறை மூக்கைச் சிந்தி இந்தப் பத்தியிலேயே உங்களிடம் புலம்பியிருக்கிறேன்!

ஆனால் வாசுகி அதையே படிவத்தில் எழுதிக் கேட்டபோது, பத்துக்கு இரண்டு.

சனிக்கிழமை காலை, கதிரவெளிக்குப் போகத் திருகோணமலை பஸ்ஸில் ஏறினேன். மடியில் இனியா, முதுகில் என் லப்டொப், தோளில் தண்ணீர்ப் போத்தல், மாற்றுச் சட்டை, பரசிட்டமோல் பாணி. "போன் பண்ணிக் கேட்டாப் போதாதா?" என்றார் கணவர். போதும்தான். போனில் என்றால் என் முகம் அவளுக்குத் தெரியாது. அது எனக்கு வசதி. அதனால்தான் நேரில் போனேன் — என்று இப்போது எழுதுகிறேன். அன்று பாதி வழியில் வாழைச்சேனையில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று இரண்டு தரம் யோசித்ததையும் எழுதத்தான் வேண்டும்.

கடை ரோட்டோரத்தில்தான். உள்ளே போட்டோ கொப்பி மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னகா தர்ஷி, பெரிய ஆக்கள் எல்லாம் கதிரவெளிக்கு வாறீங்க?" என்றாள் வாசுகி. எழுந்து வந்து இனியாவைத் தூக்கிக்கொண்டாள். "இவவா உன்ட மகள்? மூக்கு உன்ட மூக்குத்தான், பாவம்."

நிரோஷா ரீச்சரின் கதையைச் சொன்னேன். ராணிக் கதைக்கு வாசுகி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதிபர் கதைக்குச் சிரிப்பு நின்றது.

"ஈமெயில் எல்லாம் பார்த்தன். என்ன உடைஞ்சிருக்கெண்டும் தெரியும். என்ட லப்டொப் செத்து ரெண்டு மாசமாகுது. கடைக் கொம்பியூட்டரில அத ஏத்தினா ஆளுக்கு மூச்சுத் திணறுது. நான் என்ன செய்ய?"

"என்னிட்டச் சொல்லியிருக்கலாமே?"

அவள் தன் போனை என்னிடம் நீட்டினாள். எங்கள் வட்ஸ்அப் உரையாடல். அவள் எழுதியது: 'தர்ஷி, உன்ட இலக்கம் வாசிக்கிற பகுதிய ஒருக்காப் பார். அடுத்த அப்டேட்டில உடையும் போல.' கீழே என் பதில் — ஒரு கட்டைவிரல் படம். சில மாதம் கழித்து மறுபடியும் அதே கேள்வி. மறுபடியும் கட்டைவிரல். மூன்றாவது தரமும் அதுதான்.

"நல்ல விரல்," என்றாள் வாசுகி. "மூண்டு தரமும் ஒரே மாதிரி இருக்கு."

பார்க்கலாம் என்றுதான் அந்த விரலைப் போட்டிருப்பேன். இனியாவுக்குக் காய்ச்சலாக இருந்திருக்கும், வேலையில் ஏதோ அவசரமாக இருந்திருக்கும். காரணம் தேடினால் எனக்கு எப்போதும் கிடைக்கும்.

என் லப்டொப்பைத் திறந்து உட்கார்ந்தோம். ஒன்பது வருடத்துக்குப் பிறகு என் நிரலைப் பார்க்கிறேன். இலக்கம் வாசிக்கிற பகுதிக்கு மேலே என் குறிப்பு ஒன்று அப்படியே இருந்தது: 'இது தற்காலிகம். பிறகு சரிசெய்யவும். — தர்ஷினி.' போனுக்குள் இருந்த ஒரு பழைய வழியை நம்பி நான் அவசரத்தில் எழுதியது. புதிய அப்டேட் அந்த வழியை மூடிவிட்டது. அதனால் இலக்கம் வந்ததும் செயலி முட்டி விழுந்தது. இத்தனை வருடம் அது விழாமல் இருந்ததற்குக் காரணம், சுற்றிவர வாசுகி கொடுத்திருந்த முட்டுகள். ஒவ்வொன்றிலும் தேதி இருந்தது. அவள் பெயர் எதிலும் இல்லை.

குனிந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அவள் வாடிக்கையாளர் ஒருவருக்குக் கொப்பி எடுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்:

"என்ட படிவத்த வாசிச்சுச் சிரிச்சீங்களாம்?"

"ஆரு சொன்ன?"

"ஊரில சொல்ல ஆளா இல்ல? நீயும் சிரிச்சியா?"

"ஓம்," என்றேன்.

மெஷின் இரண்டு தாளைத் தள்ளியது. "சரி," என்றாள். "அந்தத் தகரத்த எடு. சோதிச்சுப் பார்ப்பம்."

பழைய பிஸ்கட் தகரம். உள்ளே ஐந்து போன்கள். திரை உடைந்தவை, பின்பக்கம் ரப்பர் பட்டி போட்டவை, ஆட்கள் கடையில் திருத்தக் கொடுத்துவிட்டு எடுக்க வராதவை. எல்லாரிடமும் புதுப் போனா இருக்கிறது? பழைய போனிலும் வேலை செய்தால்தான் சரி என்பது அவளுடைய கணக்கு. திருத்துவதற்கு எனக்கு ஒரு மணித்தியாலம்தான் எடுத்தது. சோதிக்க மாலை வரை போனது. ஒவ்வொரு போனும் ஒன்றில் தொடங்கி இலக்கங்களைச் சொல்ல வேண்டும், நாங்கள் பிழை வருகிறதா என்று காது கொடுக்க வேண்டும். ஆயிரத்து நூற்று ஒன்று, ஆயிரத்து நூற்று இரண்டு... ஐந்து போனும் ஐந்து இடத்தில்.

ரீலோட் போட வந்த மீன்காரர் ஒருவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "என்ன புள்ள, மீன் ஏலம் போடுறீங்களா? எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல!"

"ஏலம்தான் மாமா," என்றாள் வாசுகி. "ஆனா கேக்கிற ஆள்தான் இல்ல."

கிளம்பும் முன், தொடங்கும்போது பெயர் சொல்லும் பகுதியைத் திறந்தேன். என் பெயரை எடுத்துவிட்டு 'வாசுகி' என்று முதலில் போட்டேன். அப்படியாவது ஒன்றைச் சரிக்கட்டலாம் என்று நினைத்தேன் போலிருக்கிறது. அவள் எட்டிப் பார்த்தாள்.

"அது வேணாம். முழுசா எடு. பேர் வாசிக்கிற நேரத்துக்கு அந்த ரீச்சர் ரெண்டு வரி பாடம் கேட்டிருவா."

எடுத்தேன். திருத்தியதை அங்கிருந்தே எல்லாரின் போனுக்கும் அப்டேட்டாக விட்டோம்.

"தர்ஷி, ஒண்டு சொல்லட்டா? மனசு சரியில்ல எண்டு நீ இப்ப ஒரு தரம் வந்து பெரிசா ஏதும் தந்திட்டுப் போகாத. உடையிறது மாசா மாசம் உடையுது. தாறதெண்டா மாசா மாசம் தாங்க. இல்லாட்டி விடுங்க."

புதன்கிழமை குழுக் கூட்டம். வாசுகியின் விண்ணப்பத்தை மறுபடியும் மேசையில் வைத்தேன். நாங்கள் சிரித்தது பிழை என்றேன். அந்த இரண்டு புள்ளியும் பிழை என்றேன். நிரோஷா ரீச்சரைப் பற்றிச் சொன்னேன். தலைவர் ஐயா நல்ல மனிதர். உண்மையிலேயே கலங்கிப்போனார். கலங்கி, உடனே ஒரு முடிவுக்கு வந்தார்: "அந்தப் புள்ளைக்கு ஒரு பொன்னாடை போர்த்துவம்!"

எங்கள் ஊரில் யாருக்காவது கொடுக்க மறந்ததை எல்லாம் பொன்னாடையால் மூடிவிடுவோம். எனக்கு வந்த சிரிப்பு அழுகை மாதிரி வந்தது. ஒன்றரை மணி நேரம் பேசினோம். கடைசியில் ஒரு லப்டொப், மாதம் மாதம் ஒரு சின்னத் தொகை, முதலில் ஆறு மாதம், பிறகு பார்க்கலாம் என்று முடிவானது. பிறகு பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், நானே எழுதியிருக்கிறேன். அதனால் ஆறாவது மாதத்துக் கூட்டத்தின் தேதியை அங்கேயே கேட்டு, எல்லாருக்கும் முன்னால் குறித்துக்கொண்டேன். பொன்னாடையும் உண்டு, அதில் ஐயா விட்டுக்கொடுக்கவில்லை.

வாசுகிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "பொன்னாடை எவ்வளவு நீளம்?" என்றாள்.

"ஏன்?"

"யன்னலுக்குச் சீலை இல்ல. பின்னேர வெயில் நேரா ஸ்க்ரீன்ல விழுது."

ஒன்று மிச்சம் இருக்கிறது. அந்தக் கடையில், 'நீயும் சிரிச்சியா?' என்று அவள் கேட்டபோது 'ஓம்' என்றேன் அல்லவா? அது பொய் இல்லை. ஆனால் முழுதும் இல்லை. கூட்டத்தில் அந்தப் படிவம் 'வாசிக்கப்பட்டது' என்று மேலே எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? யார் வாசித்தது என்று எழுதவில்லை. புதன்கிழமையும் 'சிரித்தோம்' என்றுதான் சொன்னேன், அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தும்.

வாசித்தது நான். சாதாரணமாக அல்ல, 'எல்லாம்... இப்போது... போலவே...' என்று குரலை நீட்டி, புருவத்தைத் தூக்கி. சிரிக்க வைப்பதற்காகவே வாசித்தேன். அவளை எனக்குத் தெரியும் என்பதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க அது வசதியாக இருந்தது. வாசுகி, உன் கடைக்கு இந்தப் பத்திரிகை வரும். இந்த இடத்துக்கு வரும்போது நீ என்ன நினைப்பாயோ தெரியாது. எழுதலாமா விடலாமா என்று நாலு தரம் அழித்து எழுதிவிட்டேன். இந்த முறை விரல் படம் போட்டுத் தப்ப மனமில்லை.

வியாழக்கிழமை பகல், நான் இனியாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது நிரோஷா ரீச்சர் அழைத்தார்.

"ஒல்லாந்தர் ஒழுங்கா வந்து இறங்கிட்டாங்க அக்கா! ஆண்டு, மாசம், கப்பல், எல்லாம். அதிபர் பின் வரிசை வாங்கில இருந்து முழுப் பாடமும் கேட்டிட்டு, ஒண்டும் சொல்லாம எழும்பிப் போனார். அவர் ஒண்டும் சொல்லாட்டி வகுப்பு எனக்குத்தான்."

பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று கேட்டு வைத்தேன்.

"அவங்களுக்குத்தான் கவலை. 'ரீச்சர், தர்ஷினி ராணி எங்க?' எண்டு கேக்கிறாங்க. ஆட்சி முடிஞ்சிது எண்டு சொல்லிட்டன்."